சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீரா? கெட்டிலில் வெள்ளை, குளித்தால் வழவழப்பு

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னை மேடவாக்கத்திலிருந்து மூன்று மாதத்துக்கு முன் சிங்கப்பூரில் பொங்கோல் வட்டாரத்தில் வாடகை வீட்டுக்குக் குடிவந்த ஒருவர் கேட்டிருக்கிறார். கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது. சோப்புப் போட்டுக் குளித்தால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் உடம்பில் வழவழப்புப் போகமாட்டேன் என்கிறது. முடி கொத்தாகக் கொட்டுகிறது. இதற்கிடையில் வீட்டுக் கதவைத் தட்டிய ஒரு விற்பனையாளர், பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டு 140 என்று காட்டியிருக்கிறார். அப்புறம் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்ததும் குழாய்த் தண்ணீர் பழுப்பாகிவிட்டது, அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. ஆகவே இங்கேயும் உப்புத் தண்ணீர்தானா, தண்ணீரை மென்மையாக்கும் கருவியை இரண்டாயிரத்துச் சொச்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கெட்டிலில் வெள்ளை படிவது தண்ணீரில் கடினத்தன்மை இருப்பதற்கான அடையாளம். உடம்பில் வழவழப்பு நிற்பது தண்ணீர் மென்மையாக இருப்பதற்கான அடையாளம். ஒரே தண்ணீரின் மேல் எதிரெதிரான இரண்டு குற்றச்சாட்டுகள். இரண்டும் உண்மையாக இருக்க முடியும், எப்படி என்று சொல்கிறேன்.

நான் ஜூரோங்கில் கொதிகலன்களுக்கும் குளிர்விப்புக் கோபுரங்களுக்கும் தண்ணீர் பார்க்கிற வேலையில் 26 வருடம் இருந்தவன். படித்தது வேதியியல். தோல் மருத்துவமோ முடி மருத்துவமோ எனக்குத் தெரியாது, அதனால் அந்தப் பகுதி வரும்போது நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள். தண்ணீர் பற்றிச் சொல்வதில் தயக்கமில்லை.

ஊரில் நாம் உப்புத் தண்ணீர் என்று சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்துகிடக்கின்றன. ஒன்று நாக்குக்குக் கரிக்கிற உப்பு, அதாவது சோடியம் குளோரைடு வகையறா. இன்னொன்று கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும். சோப்பு நுரைக்காதது, பாத்திரத்தில் வெள்ளை படிவது, பருப்பு வேகாதது எல்லாம் இந்த இரண்டாவது ஆளின் வேலை. விற்பனையாளரின் பேனா மீட்டர் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதை அளந்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி, கரைந்திருக்கும் மொத்தச் சரக்கு இவ்வளவு என்று காட்டும், அவ்வளவுதான். காய்ச்சி வடித்த தண்ணீரில் கொஞ்சம் சமையல் உப்பைக் கரைத்தால் அதே மீட்டர் 500 காட்டும், ஆனால் அதில் கடினத்தன்மை பூஜ்யம். ஆகவே அந்த 140-ஐ வைத்துக்கொண்டு யாரும் கடினத்தன்மை பற்றிப் பேச முடியாது. பேசினால் ஒன்று அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரியும்.

கடினத்தன்மையை உண்மையில் அளக்கிற விதம் வேறு. குடுவையில் 50 மில்லி தண்ணீர், அதில் மூக்கைப் பிடுங்குகிற அம்மோனியாக் கரைசல் கொஞ்சம், ஒரு சிட்டிகை கருப்புச் சாயப்பொடி. தண்ணீரில் கால்சியமோ மக்னீசியமோ இருந்தால் திராட்சை ரசம் போலச் சிவந்துவிடும். மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கிற ஈடிடிஏ என்ற வேதிப்பொருளின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும், சிவப்பு ஊதாவாகி, கடைசி ஒரு சொட்டில் தெளிந்த நீலமாகிவிடும். அதுவரை எத்தனை மில்லி செலவானதோ அதுதான் கணக்கு. கொதிகலனுக்குப் போகும் தண்ணீரில் சாயப்பொடி போட்ட உடனேயே, ஒரு சொட்டுக்கூட விடாமல், நீலம் வர வேண்டும், சிவப்பு வந்தால் எங்களுக்கு அன்றைக்குச் சாப்பாடு தாமதம். வீட்டுக்கு இவ்வளவு வேண்டாம். மீன் வளர்ப்பவர்களுக்கான கடைகளில் பொதுக் கடினத்தன்மைக்குச் சொட்டு மருந்துப் பெட்டி கிடைக்கும், அதுவும் இதே தத்துவம்தான். அது ஜெர்மன் டிகிரியில் சொன்னால் 17.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும்.

பொதுவாகப் புழங்குகிற அளவுகோலில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்மை, 60 முதல் 120 வரை நடுத்தரம், 120 முதல் 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். இந்தியக் குடிநீர்த் தரத்தில் 200 வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 600 வரை போகலாம் என்று இருக்கிறது. சென்னைப் புறநகர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் வாழ்ந்தவருக்கு அந்த 200 எல்லாம் ஒரு கனவு என்று நான் சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூர்க் குழாயில் வருவது பொதுவாக மென்மைக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது. எல்லா வட்டாரத்திலும் எல்லா நாளும் ஒரே எண் இருக்காது, ஏனென்றால் எந்தச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து, எந்தக் கலவை வருகிறது என்பதைப் பொறுத்து மாறும். இங்கே தண்ணீர் வழங்குகிற பொதுப் பயனீட்டுக் கழகம் குடிநீர்த் தர அறிக்கையை இணையத்தில் போடுகிறது, அதில் கடினத்தன்மைக்கென்று ஒரு வரி இருக்கும், எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் இன்றைக்கு எவ்வளவு என்று சோதித்துப் பார்க்காமல் நான் மட்டுமல்ல, யாருமே சொல்ல முடியாது.

ஏன் மென்மை என்றால், தண்ணீர் வருகிற வழி அப்படி. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற தீவு. தீவின் பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, அங்கே விழும் மழை வடிகால், கால்வாய் வழியாக ஓடி 17 நீர்த்தேக்கங்களில் சேர்கிறது. ஜொகூர் ஆற்றிலிருந்து 1962 ஒப்பந்தத்தின்படி வருவதும் மழைத் தண்ணீர்தான். ஊரில் போலப் பல நூறு அடி ஆழத்தில், பாறை இடுக்கில் வருடக்கணக்காக ஊறிக் கிடந்துவிட்டு மோட்டார் வழியாக மேலே வருகிற தண்ணீர் இல்லை இது. மண்ணையும் பாறையையும் தொடுகிற நேரம் குறைவு, அதனால் அது சுரண்டிக்கொண்டு வருகிற கால்சியமும் குறைவு. கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது இன்னொரு கதை. சவ்வு வழியாகத் தள்ளி எடுத்த தண்ணீரில் கிட்டத்தட்ட எந்தத் தாதுவும் இருக்காது, அப்படியே குழாயில் விட்டால் குழாயையே அரிக்கும். அதனால் வேண்டுமென்றே கொஞ்சம் கால்சியத்தைத் திரும்பச் சேர்த்துத்தான் விடுவார்கள். அவர்கள் காசு செலவழித்துப் போட்டதை நீங்கள் காசு கொடுத்து எடுக்க வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் கெட்டிலில் ஏன் வெள்ளை? இது உறுதியாகத் தெரிந்த விஷயம். தண்ணீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. சூடேற்றினால் கரியமில வாயு பிரிந்து போய்விடும், மிச்சம் கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லாக, அடியில் உட்கார்ந்துகொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்று வைத்து, தேத்தண்ணீர், பிள்ளைக்கு வெந்நீர், நூடுல்ஸ் என்று ஒரு நாளைக்கு 5 லிட்டர் கொதிக்க வைத்தால் மாதத்துக்கு 9 கிராம் கெட்டிலுக்குள் போய் வருகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு படிந்தாலே 3 கிராம், அரைத் தேக்கரண்டிக்குக் குறையாத வெள்ளைப் பொடி. தண்ணீர் மென்மையாகவே இருந்தாலும், அதில் இருக்கும் கொஞ்சத்தைக் கெட்டில் தினமும் சேர்த்து வைக்கிறது. பலர் செய்கிற இன்னொரு காரியம், பழைய தண்ணீரைக் கொட்டாமல் அதன் மேலேயே ஊற்றித் திரும்பத் திரும்பக் கொதிக்க வைப்பது. அப்போது படிவு இன்னும் சீக்கிரம் வரும். குடித்தால் கெடுதல் இல்லை. பார்க்கத்தான் அசிங்கம்.

எடுப்பதும் சுலபம். கேக் சாமான் விற்கும் கடையில் சிட்ரிக் அமிலப் பொடி கிடைக்கும், அரைக் கெட்டில் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கொதிக்க வைத்து இருபது நிமிடம் விட்டுவிட்டுக் கழுவுங்கள். வினிகரும் வேலை செய்யும், வீடு முழுக்க ஊறுகாய் வாசம் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை, இந்தப் புளிப்புச் சாமான் எதையும் குளோராக்ஸ் மாதிரி வெளுப்புத் திரவத்தோடு கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். நம் அம்மாக்கள் இட்லிப் பானைத் தண்ணீரிலும் குக்கர் அடியிலும் ஒரு துண்டு புளி போடுவார்களே, அதுவும் இதே வேதியியல்தான், புளியின் அமிலம் சுண்ணாம்பைப் படிய விடாது. இங்கே வந்த பிறகும் பழக்க தோஷத்தில் எங்கள் வீட்டில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

வழவழப்புக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் சுவையான இடம் இதுதான். கடினத் தண்ணீரில் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். வாளியின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் நிற்குமே, அதுதான். தோலின் மேலும் அது ஒட்டும், கையால் தேய்த்தால் கீச் என்று பிடிக்கும், அந்தப் பிடிப்பைத்தான் நாம் சுத்தம் என்று இருபது முப்பது வருடமாகப் பழகி வைத்திருக்கிறோம். மென்மையான தண்ணீரில் அந்தப் பிசுக்கு வருவதில்லை, பிடிப்பும் இல்லை. வழவழ என்று இருப்பது மிச்சமிருக்கும் மெல்லிய சோப்புப் படலமா, தோலின் சொந்த எண்ணெயா என்பதில் ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள், அதில் நான் தலையிடவில்லை. சோப்பு அதிகம், தண்ணீர் மென்மை என்ற இரண்டும் சேர்ந்தால் இப்படி இருக்கும் என்பது மட்டும் நிச்சயம்.

பல வருடங்களுக்கு முன் ராமநாதபுரத்திலிருந்து எங்கள் அத்தை வந்து அங் மோ கியோ வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தார். ஒரு நாள் நாங்கள் வேலைக்குப் போன பிறகு, சும்மா இருக்க முடியாமல் துணி துவைக்கலாம் என்று சலவை இயந்திரத்தில் ஊரில் போடுகிற கணக்கில் இரண்டு கை சோப்புத்தூளை அள்ளிப் போட்டுவிட்டார். சாயங்காலம் கதவைத் திறந்தால் சமையலறைத் தரையில் கணுக்கால் உயரத்துக்கு நுரை. அத்தை முக்காலியின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கையில் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்தார். "என்னடா தம்பி, ஒங்க ஊருத் தண்ணியில பேயா இருக்கு" என்றார். தண்ணீரில் எதுவும் இல்லை, அதுதான் விஷயம். ஊரில் அந்த இரண்டு கைத் தூளில் ஒரு கைக்கும் மேல் கால்சியத்தோடு மல்லுக்கட்டவே செலவாகும், மிச்சம்தான் அழுக்கெடுக்கும். இங்கே மல்லுக்கட்ட ஆளில்லை.

ஆகவே உங்களுக்கு என் முதல் யோசனை, சோப்பு, ஷாம்பு, சலவைத்தூள் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள். சலவைத்தூள் பெட்டியின் பின்பக்கம் மென்னீருக்கு இவ்வளவு, கடினநீருக்கு இவ்வளவு என்று சில நிறுவனங்கள் பிரித்தே போட்டிருக்கும், குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டு வருகிறது, துண்டு மொடமொட என்கிறது என்று தண்ணீரைத் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் நான் பார்த்தது கூடுதல் சலவைத்தூள்தான். சமையலிலும் அப்படித்தான். கடினத் தண்ணீரின் கால்சியம் பருப்பின் செல் சுவரில் இருக்கும் பெக்டினை இறுக்கிவிடும், அதனால்தான் ஊரில் துவரம்பருப்பு நாலு விசில் கேட்டது, சிலர் சோடா உப்பும் போட்டார்கள். இங்கே அதே நாலு விசில் விட்டால் சாம்பாருக்குப் பதில் கூழ்தான் கிடைக்கும்.

முடி. இங்கே நான் என் எல்லையைத் தாண்டுகிறேன். கடினத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், ஷாம்பு சரியாக வேலை செய்யாது என்பது வரை சரி. ஆனால் வேரோடு கொட்டுவதற்குத் தண்ணீரின் கடினம்தான் காரணம் என்று சொல்ல நல்ல ஆதாரம் கிடையாது, அதிலும் நீங்கள் கடினத் தண்ணீரிலிருந்து மென்மையான தண்ணீருக்கு வந்திருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது மூன்று மாதம் என்ற சொல். காய்ச்சல், பிரசவம், பெரிய மன அழுத்தம், சாப்பாட்டு மாற்றம் எதுவானாலும் அது நடந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி மொத்தமாகக் கொட்டத் தொடங்கும் என்பது மருத்துவர்கள் நன்றாக அறிந்த ஒன்று. வேலை மாறி, நாடு மாறி, வீடு மாறி வந்திருக்கிறீர்கள். இரும்புச்சத்து, தைராய்டு இரண்டையும் பலதுறை மருந்தகத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம், அதற்கு ஆகும் செலவு அந்தக் கருவியின் விலையில் ஒரு சிறு துளி. தண்ணீரில் கிருமிநாசினியாகக் குளோரமைன் இருக்கிறது, அது உண்மை. அந்த அளவில் அது முடியைக் கொட்டச் செய்கிறது என்பதற்கு நான் ஆதாரம் பார்த்ததில்லை.

சந்தேகமான பட்டியலில் தோலையும் சேர்க்க வேண்டும். கடினத் தண்ணீர் உள்ள ஊர்களில் குழந்தைகளுக்குக் கரப்பான் என்கிற அரிப்புத் தோல்நோய் அதிகம் என்று சில ஆய்வுகள் காட்டின. சரி, மென்மையாக்கிப் பார்ப்போம் என்று இங்கிலாந்தில் கரப்பான் இருந்த 336 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தி 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேர் வீட்டில் கருவி, பாதிப் பேர் வீட்டில் இல்லை, 12 வாரம் கழித்துத் தோலைப் பரிசோதித்ததில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டதே கடினத் தண்ணீர் வட்டாரங்களைத்தான், அங்கேயே இப்படி. சிறுநீரகக் கல்லுக்கும் உப்புத் தண்ணீரைக் காட்டுவது நம்மவர்கள் வழக்கம். தண்ணீர் குறைவாகக் குடிப்பதுதான் அதில் பெரிய குற்றவாளி. உலகச் சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் எந்த வரம்பும் வைக்கவில்லை.

இப்போது கருவி. உண்மையான மென்மையாக்கும் கருவியில் பிசின் மணிகள் இருக்கும், அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், பிறகு உப்புக் கரைசல் விட்டுக் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கடினத்தை எடுத்தால் 46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேரும். சாதாரண ஆளுக்கு அது ஒன்றுமில்லை, ரத்தக் கொதிப்புக்காக உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட பெரியவர் வீட்டில் இருந்தால் யோசிக்க வேண்டும். கரி வடிகட்டி வாசனையையும் குளோரமைனில் கொஞ்சத்தையும் எடுக்கும், கடினத்தன்மையைத் தொடாது. ஷவரில் மாட்டும் வண்ண வண்ண உருண்டைகளும் அப்படியே. சவ்வுக் கருவி, அதாவது ஊரில் ஆர்ஓ என்கிறோமே அது, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் எடுக்கும், கூடவே கணிசமான தண்ணீரைக் கழிவாகத் தள்ளும். ஒரு கன மீட்டருக்கு 3 வெள்ளிக்கு மேல் கட்டுகிற ஊரில் அதையும் கணக்கில் வையுங்கள். தொழிற்சாலைக் கொதிகலனுக்கு நானே நூற்றுக்கணக்கான தடவை மென்னீர் கேட்டு வாங்கியிருக்கிறேன், என் வீட்டுக்கு வாங்கவில்லை. உங்கள் வீட்டில் சொட்டு மருந்துச் சோதனை 150-க்கு மேல் காட்டினால் திரும்ப எழுதுங்கள், அப்போது என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன்.

கடைசியாக அந்தப் பழுப்புத் தண்ணீர். விற்பனையாளர் விட்ட கம்பிகளில் ஒன்று இரும்பு. மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகித் தண்ணீரில் பரவும், நீங்கள் பார்த்த பழுப்பு அந்தக் கம்பியிலிருந்து வந்தது, குழாயிலிருந்து அல்ல. அவர் கொண்டுவந்த தண்ணீரில் தாதுவே இல்லை, அதனால் மின்சாரம் பாயவில்லை, கம்பியும் கரையவில்லை. அடுத்த முறை கதவைத் தட்டினால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுங்கள், பாவம், வெயிலில் மாடி மாடியாக ஏறுகிற ஆள். பிறகு சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து அவருடைய தெளிந்த தண்ணீரிலேயே போட்டு, அதே கம்பிகளை அதில் விடச் சொல்லுங்கள்.